லென்ஸ் வந்த வழி

கண்புரை அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர் கையில் ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுப்பார்கள். பெயர், ஊர், எந்தக் கண், அடுத்து எப்போது வரவேண்டும் என்ற விவரங்களோடு சிறிய ஒட்டுத்தாள் ஒன்றும் அதில் இருக்கும். +21.0 என்றோ +20.5 என்றோ ஓர் எண், நீளமான வரிசை எண், தயாரித்த நிறுவனத்தின் பெயர், காலாவதித் தேதி. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் குடும்ப அட்டையும் ஆதாரும் இருக்கும் அதே பிளாஸ்டிக் பையில் இந்த அட்டையும் பத்திரமாக இருக்கும். அந்த ஒட்டுத்தாளை உற்றுப் படித்தவர்கள் குறைவு. "லென்ஸ் வெச்சிருக்காங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த லென்ஸ் எங்கே பிறந்தது, யாருடைய எதிர்ப்பைத் தாண்டியது, எப்படி மயிலத்திலோ ஒலக்கூரிலோ இருக்கும் ஓர் ஆயாவின் கண்மணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஏறக்குறைய சட்டைப் பொத்தான் அளவுள்ள பொருள் அது. நடுவில் 6 மில்லிமீட்டர் அகல வட்டம். இரண்டு பக்கமும் வளைந்த மெல்லிய கால்கள். கால் நுனியிலிருந்து கால் நுனிவரை அளந்தால் 12, 13 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

அதன் கதை ஒரு போர் விமானத்தில் தொடங்குகிறது. 1940 ஆகஸ்ட் 15 அன்று இங்கிலாந்து வானில் நடந்த சண்டையில் கார்டன் க்ளீவர் என்ற விமானியின் ஹரிக்கேன் விமானம் குண்டடிபட்டது. விமானியின் தலைக்கு மேலிருந்த மூடி சிதறியது. அந்த மூடி பெர்ஸ்பெக்ஸ் என்னும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. சில்லுகள் இரண்டு கண்களிலும் பாய்ந்தன. ஒரு கண் போயிற்று. இன்னொன்றைக் காப்பாற்றப் பல அறுவைகள் செய்ய வேண்டியிருந்தது. லண்டன் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி இப்படிப்பட்ட விமானிகளின் கண்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார். மரத்துண்டோ உலோகத் துகளோ உள்ளே போயிருந்தால் கண் சிவந்து வீங்கி எதிர்ப்புக் காட்டியிருக்கும். இந்தப் பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் ஒன்றும் செய்யாமல் உள்ளே இருக்க விட்டிருந்தது.

பிறகு ஒருநாள் ரிட்லி புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், கெட்டுப்போன லென்ஸை எடுத்துவிட்டீர்கள், அந்த இடத்தில் வேறொன்றை வைக்கவில்லையே என்று கேட்டார். 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண் ஒருவரின் கண்ணில் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பொருத்திப் பார்த்தார். விமான மூடி செய்த அதே வகைப் பிளாஸ்டிக்தான், இன்னும் தூய்மையாக்கப்பட்டது. ரேனர் என்ற நிறுவனம் செய்து கொடுத்தது. கண் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் லென்ஸின் எண் தவறிப்போயிற்று. அளவுக்கு மீறிய சக்தியோடு செய்யப்பட்டதால் அந்தப் பெண்ணுக்கு மைனஸ் 18 அளவுக்குக் கிட்டப்பார்வை வந்தது. இன்றைக்கு ஆயாவின் அட்டையில் +21.0 என்று அச்சாகியிருப்பதன் பின்னால் அந்த முதல் தவறிலிருந்து கற்ற பாடமும் இருக்கிறது.

ரிட்லியை அவர் நாட்டுப் பெரிய மருத்துவர்களே கடுமையாக எதிர்த்தார்கள். கண்ணிலிருந்து பொருளை எடுப்பதுதான் கண் மருத்துவர் வேலை, உள்ளே போடுவது இல்லை என்றார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த லென்ஸ் சந்தேகத்தின் நிழலிலேயே கிடந்தது. 1990 வாக்கில் ரிட்லிக்கே கண்புரை வந்து, அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் கண்களில் லென்ஸ் பொருத்தப்பட்டது. 2000-இல், 93 வயதில், அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு காலமானார்.

லண்டனில் இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில் நம் பக்கம் என்ன நிலைமை? கண்புரைக்கு வைத்தியம் நமக்குப் புதிதில்லை. ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடும் முறை சுசுருதர் பெயரில் வழங்கும் நூலில் இருக்கிறது. தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் நடந்த கண் வைத்தியத்தின் குறிப்புகள், கண்ணின் படங்களோடு சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது. பின்னாளில் புரையை உறையோடு முழுதாக வெளியே எடுக்கும் அறுவை வந்தது. பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் பந்தல்களிலும் முகாம் போட்டு ஆயிரக்கணக்கில் செய்தார்கள்.

அப்படி எடுத்த பிறகு கண்ணுக்குள் லென்ஸே இல்லை. ஒளியைக் குவிக்க வெளியிலிருந்து +10 எண்ணுள்ள கண்ணாடி போடவேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி நினைவிருக்கும். அதைப் போட்டால் எதிரில் இருப்பது கால் பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. வண்டி ஒன்று திடீரென்று முளைத்ததுபோல் முன்னால் வந்து நிற்கும். ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை ஆகியிருந்தால் இரண்டு கண்ணும் இரண்டு அளவில் காட்டும், தலை சுற்றும். கிராமத்தில் அந்தக் கண்ணாடி உடைந்தால், பேரப்பிள்ளை எடுத்து விளையாடித் தொலைத்தால், நாற்று நடும்போது சேற்றில் விழுந்தால், ஆள் மறுபடியும் குருடர். அறுவை செய்த கணக்கில் அவர் பெயர் வெற்றிப் பட்டியலில் இருக்கும். வீட்டுத் திண்ணையில் அவர் பழையபடி சுவரைத் தடவிக்கொண்டிருப்பார். கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று அந்தக் காலத்தில் சொன்னவர்கள் இந்தத் திண்ணையைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். நகரத்தில் மாற்றுக் கண்ணாடி வாங்க வழியுள்ளவரைவிட, வாங்க வழியில்லாத இவருக்குத்தான் உள்ளே வைக்கும் லென்ஸ் முதலில் தேவைப்பட்டது.

இதைத் தெளிவாகக் கண்டவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. தூத்துக்குடிப் பக்கத்து அயன்வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டு அரசுப் பணியில் முகாம் முகாமாகப் புரை எடுத்தவர். 1976-இல், 58 வயதில் ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் மீது அவருக்கு ஆழ்ந்த பற்று. மருத்துவமனைக்கும் அந்தப் பெயரையே வைத்தார். பணம் தருகிறவர்கள் தரட்டும், அதில் பணம் இல்லாதவருக்கும் செய்வோம் என்பதுதான் அவர் கணக்கு.

1980-களில் அரவிந்த் மருத்துவமனை லென்ஸ் பொருத்தத் தொடங்கியபோது ஒரு லென்ஸின் இறக்குமதி விலை 100 டாலர் அளவில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து நன்கொடையாகச் சில லென்ஸ்கள் வந்தன. நன்கொடை லென்ஸை நம்பித் திட்டம் போட முடியாது. இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வராது. 19 எண் வேண்டியிருக்கும்போது 23 எண் வந்து நிற்கும். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால் வெளிநாட்டு நிறுவனங்கள் இறங்கி வரவில்லை. அப்படியானால் நாமே செய்வோம் என்று முடிவாயிற்று. பெரியம்மையை ஒழித்த வேலையில் ஈடுபட்டவர்கள் சேர்ந்து 1978-இல் அமெரிக்காவில் தொடங்கிய சேவா அறக்கட்டளை உதவியது. டேவிட் கிரீன் என்பவர் தொழில்நுட்பத்தைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். பொறியாளர் பி. பாலகிருஷ்ணன் தொழிற்கூடத்தை நிறுத்தினார். 1992-இல் மதுரையில் ஆரோலேப் பிறந்தது. 100 டாலர் லென்ஸ் 10 டாலர் ஆயிற்று. பிறகு அதுவும் இரண்டு மூன்று டாலருக்கு இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது. நேபாளத்திலும் எரித்ரியாவிலும் இதே எண்ணத்தோடு தொழிற்கூடங்கள் 1990-களில் எழுந்தன. அவற்றுக்குப் பின்னால் ஆஸ்திரேலிய மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ் இருந்தார்.

லென்ஸ் செய்கிற வேலை நுட்பமானது. அக்ரிலிக் வில்லையைக் கணினி ஓட்டும் கடைசல் எந்திரத்தில் பிடித்து ஒரு முகத்தைக் கடைவார்கள். பிறகு திருப்பிப் பிடித்து மறு முகம். வளைவின் அளவுதான் லென்ஸின் எண். அரை எண் வித்தியாசத்தில் வரிசையாகச் செய்யவேண்டும். அடுத்து ஓரத்தையும் கால்களையும் வெட்டுவார்கள். வெட்டிய ஓரம் கூராக இருக்கும், கண்ணுக்குள் கீறிவிடும். ஆகவே நுண்ணிய கண்ணாடி மணிகளோடு உருளையில் போட்டு நாள்கணக்கில் உருட்டி மழுக்குகிறார்கள். கழுவி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, கீறலோ குமிழோ இருந்தால் ஒதுக்கி, எண்ணை மறுபடி அளந்து, உறையிட்டு, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்குகிறார்கள். இந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான், கிராமத்துப் பள்ளிகளில் படித்து முடித்து நேரே இங்கே பயிற்சிக்கு வந்தவர்கள். ஒரு லென்ஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து "சரி" என்று முடிவு சொல்லும் அந்தப் பெண்ணை, லென்ஸைச் சுமக்கப்போகிற ஆயா வாழ்நாளில் சந்திக்கமாட்டார். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான வீட்டிலிருந்து வந்தவர்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெட்டியில் அடுக்கப்பட்ட லென்ஸ் மதுரையிலிருந்து வடக்கே புறப்படுகிறது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை 2003-இல் திறக்கப்பட்டது. வெங்கடசாமி போற்றிய அரவிந்தர் வாழ்ந்த ஊரிலேயே அவர் பெயரிலான மருத்துவமனை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2006-இல் வெங்கடசாமி மறைந்தார். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பகுதிகளின் முகாம் நோயாளிகளில் பலர் போய்ச் சேருவது இங்கேதான். திண்டிவனத்து அரசு மருத்துவமனையும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் அருகில் இருக்கின்றன. சென்னைக்குப் போகிறவர்களும் உண்டு.

லென்ஸ் வந்து அலமாரியில் எண் வாரியாக அடுக்கப்பட்டுவிட்டது. லண்டனிலிருந்து இதுவரை வர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இனி ஆள் வரவேண்டும். ஊரிலிருந்து தவளக்குப்பத்துக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர். இந்தப் பயணத்தில் கடினமான பகுதி அதுதான்.

1990-களில் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். முகாம் நடந்த ஊர்களின் சுற்றுப்புறத்தில், கண் கோளாறு இருந்தவர்களில் எத்தனை பேர் அந்த முகாமுக்கு வந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. அறுவை இலவசம், லென்ஸ் இலவசம், முகாம் பக்கத்து ஊரில். இருந்தும் நூற்றில் தொண்ணூற்று மூன்று பேர் வரவில்லை. காரணம் கேட்டபோது பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, வயசாயிடுச்சு இனி எதுக்கு என்ற பேச்சு. இவற்றில் எதையும் அறியாமை என்று நான் ஒதுக்கமாட்டேன்.

திண்டிவனம் வட்டாரத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். ஆயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மல்லாட்டை ஆய்கிற காலம். மகனும் மருமகளும் விடிந்ததும் கொல்லைக்குப் போகவேண்டும். ஆயாவுக்கு ஒரு கண் சுத்தமாகத் தெரியவில்லை, மறு கண்ணில் நிழலாட்டம். ஆனாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் அவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் மூன்று நாள். கூட ஒருவர் போனால் மூன்று நாள் கூலி போகும். திரும்பி வந்தால் அடுப்பங்கரைப் புகையில் உட்காரக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, வெயிட்டு தூக்கக்கூடாது. "இந்த அறுப்பு முடியட்டும் அத்தை, போலாம்" என்று மருமகள் சொல்லும்போது அதில் கொடுமை எதுவும் இல்லை. ஆயாவே அதைத்தான் சொல்வார். அறுப்புக்குப் பின் அறுப்பு வந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஊரில் உள்ள சின்னச் சின்ன அமைப்புகள் வருகின்றன. அரிமா சங்கம், ரோட்டரி சங்கம், வணிகர் சங்கம், பள்ளி முன்னாள் மாணவர்கள், யாரோ ஒருவர் தம் தந்தை நினைவுக்கு நடத்தும் முகாம். துண்டுப் பிரசுரத்தில் "மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கம்" என்ற பெயரும் இருக்கும். அரசு நிதியின் ஒரு பகுதி அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் வருகிறது. அரிமா சங்கத்தாருக்குக் கண்மேல் இத்தனை அக்கறை வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1925-இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் நடந்த அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளின் நீட்சிதான் திண்டிவனத்துப் பள்ளி வாசலில் கட்டியிருக்கும் முகாம் பேனர்.

முகாமுக்கு மூன்று நாள் முன்பே ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகப் போவார்கள். மைக்கால் வருகிறவர்கள் சிலர்தான். வீடு வீடாக வந்து கூப்பிடும் ஆளால் வருகிறவர்கள் அதிகம். அதிலும், ஏற்கெனவே லென்ஸ் வைத்துக்கொண்ட ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து, "எனக்கு வலியே தெரில, வா" என்று சொன்னால் அதற்கு ஈடில்லை. நல்ல முகாம் நடத்துகிறவர்களுக்கு இது தெரியும். அப்படிப்பட்ட ஆள்களை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்சு போட்டு வரிசை தொடங்கும். முதலில் பெயர்ப் பதிவு. பிறகு சுவரில் தொங்கும் அட்டையில் எழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, பக்கம் திறந்த குறியைக் காட்டி எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்வார்கள். அதுவும் தெரியாவிட்டால் விரலை நீட்டி எத்தனை என்று கேட்பார்கள். அதுவும் தெரியாவிட்டால் டார்ச் வெளிச்சம். கண் அழுத்தம் பார்ப்பார்கள். மூக்கோரத்தில் கண்ணீர்ப்பையை அழுத்திப் பார்ப்பார்கள். அங்கே சீழ் இருந்தால் அது கண்ணுக்குள் போய்விடும், ஆகவே அதைச் சரிசெய்யாமல் லென்ஸ் வைக்க முடியாது. சர்க்கரையும் பிரஷரும் கூடியிருந்தால் மாத்திரை எழுதிக் கொடுத்து அடுத்த முறை வரச் சொல்வார்கள். அரும்பாடுபட்டு ஒருநாள் கூலியை விட்டு வந்தவருக்கு இந்த "அடுத்த முறை" பெரும்பாலும் வராத முறை. முகாமை நடத்துகிறவர்கள் யாரையெல்லாம் திருப்பி அனுப்பினோம் என்ற பட்டியலையும் வைத்துக்கொண்டு, மாத்திரை கிடைக்கிறதா, சர்க்கரை இறங்கியதா என்று விசாரித்து அடுத்த முகாமுக்குக் கூட்டிவருவதுதான் தொண்டு என்று நான் கருதுகிறேன். எத்தனை பேருக்கு அறுவை செய்தோம் என்ற எண் எளிதாகக் கிடைக்கும். திரும்பிப் போனவர்களின் எண்ணை யாராவது கேட்கவேண்டும்.

தேர்வானவர்களுக்கு மதியச் சாப்பாடு போட்டுப் பேருந்தில் ஏற்றுவார்கள். மாற்றுப் புடவை ஒன்று, சோப்பு, வெற்றிலைப் பை. "ஆயா, ஜன்னலோரமா உக்காருங்க, வாந்தி வந்தா சொல்லுங்க" என்று தன்னார்வலர் ஒருவர் பார்த்துப் பார்த்து உட்காரவைப்பார். ஓமந்தூர், கிளியனூர், மொரட்டாண்டி என்று பேருந்து புதுச்சேரியை நோக்கிப் போகும்.

திண்டிவனத்துக்கும் கண் மருத்துவத்துக்கும் இன்னொரு பழைய தொடர்பு உண்டு. 1890-களின் தொடக்கத்தில், இந்த ஊரின் அமெரிக்க மிஷன் பங்களாவில், மருத்துவர் ஒருவரின் மகள் இருந்தாள். ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வரும்படி அவளை அழைத்தார்கள். ஆண் மருத்துவரான அவள் தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. அவளோ மருத்துவம் படித்தவள் இல்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு மருத்துவம் படிக்கப் போன ஐடா ஸ்கடர்தான் வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கினார். 1902-இல் அவர் பெண்களுக்காகத் திறந்த ஷெல் மருத்துவமனைதான் பிற்காலத்தில் சி.எம்.சி.யின் கண் மருத்துவமனையாக மாறியது. 1947-இல் அங்கே வந்த விக்டர் ராம்போ, மருத்துவமனையைக் கிராமத்துக்கே கொண்டுபோகும் கண் முகாம்களைத் தொடங்கினார். வாசலுக்கு வந்து கூப்பிட்டவர்களுக்கு உதவ ஆள் இல்லாமல் போன அதே ஊரில், இன்று தொண்டர்கள் வாசல் வாசலாகப் போய் ஆள்களைக் கூப்பிடுகிறார்கள்.

தவளக்குப்பத்தில் மாலையே அளவெடுப்பு நடக்கும். கண்ணின் முன்பின் நீளத்தை மீயொலிக் கருவியால் அளப்பார்கள், சராசரி 23.5 மில்லிமீட்டர். கருவிழியின் வளைவையும் அளப்பார்கள். பழைய சூத்திரம் எளிமையானது: லென்ஸுக்குரிய மாறிலியிலிருந்து நீளத்தின் இரண்டரை மடங்கையும் வளைவின் பத்தில் ஒன்பது பங்கையும் கழிக்கவேண்டும். மாறிலி 118, நீளம் 23.5, வளைவு 43.5 என்றால் 20 சொச்சம் வரும். இப்போது இன்னும் நுணுக்கமான சூத்திரங்கள் வந்துவிட்டன. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடி எண்ணில் இரண்டரை பிசகும். அளக்கிற பெண் "ஆயா, ஆடாம நேரா பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

மறுநாள் காலை எந்தக் கண் என்று நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, கண்ணுக்குப் பக்கத்தில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். வெள்ளைவிழியில் 6 மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்வாக ஒரு வழி வெட்டி, உறையின் முன்பகுதியை மட்டும் வட்டமாகக் கிழித்து, கெட்டிப்பட்ட புரையை வெளியே எடுத்து, மிச்சத்தைக் கழுவி, காலியான அந்த உறைக்குள் லென்ஸைச் சறுக்கி வைப்பார்கள். வழி சாய்வாக இருப்பதால் தையல் தேவையில்லை, தானே மூடிக்கொள்ளும். பத்து நிமிடம் போதும். கட்டணம் செலுத்துகிறவர்களுக்கு மடக்கி உள்ளே விடும் மென்மையான லென்ஸ் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. முகாம் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கெட்டியான லென்ஸ். நேபாளத்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வில் பார்வை ஏறக்குறைய சமமாகவே இருந்தது. இலவசம் என்பதால் குறைந்த தரம் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. 2008-இல் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து முகாமில் தேர்வாகிப் பெரம்பலூரில் அறுவை செய்துகொண்டவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கிருமித் தொற்றால் பார்வை இழந்தார்கள். மங்கலாகவாவது தெரிந்த கண் அடியோடு போயிற்று. அந்தக் குடும்பங்கள் இழப்பீட்டுக்காக அலைந்தன, வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு லென்ஸ் எவ்வளவு சுத்தமாகச் செய்யப்பட்டிருந்தாலும், கடைசி அறையில் ஒரு திரவமோ கருவியோ கெட்டிருந்தால் எல்லாம் பாழ். ஏழையின் கண் என்பதால் அவசரப்படலாம், எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று யாரும் நினைக்க இடம் தரக்கூடாது. அரவிந்த் மருத்துவமனைகளில் அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைச் செலுத்தும் வழக்கம் வந்தபின், 6 லட்சம் அறுவைகளை எடுத்துப் பார்த்ததில், கண்ணுக்குள் தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. 2017-இல் இது வெளியாயிற்று. அந்த மருந்தும் மதுரை ஆரோலேப்பிலேயே தயாராகிறது. சுண்ணாம்பு அடித்த பள்ளிக்கூட அறைகளில் அறுவை செய்யும் காலம் போய், எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்து செய்யவேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது நல்லதற்குத்தான். அதனால் பேருந்துச் செலவு கூடியது என்றாலும்.

அடுத்த நாள் கட்டுப் பிரிக்கும்போது வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் ஒன்றுமே சொல்லமாட்டார்கள். தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரின் புடவை நிறத்தைச் சொல்வார்கள். புரை மஞ்சளும் பழுப்புமாக ஏறிய கண்ணுக்கு நீலம் பல ஆண்டுகளாகத் தெரிந்திருக்காது. புது லென்ஸ் வழியாக முதலில் பளிச்சென்று தெரிவது அந்த நீலம்தான். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதே பேருந்தில் திரும்பும்போது பேச்சுச் சத்தம் அதிகமாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்துத் திண்டிவனத்திலேயே மறுபரிசோதனை. அதற்கு வராமல் விடுகிறவர்கள் நிறைய. தெரிகிறதே, இனி எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி அந்த நாளில்தான் எழுதித் தருவார்கள். பூக் கட்ட, அரிசியில் கல் பொறுக்க அது வேண்டும். சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் உறை மங்கும்; புரை திரும்ப வந்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். லேசர் ஒளியால் அந்த உறையில் சிறு வழி திறந்துவிட்டால் போதும், கத்தி வேண்டாம். லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்.

லென்ஸால் ஆகாதவர்களையும் அதே முகாம் கண்டுபிடிக்கிறது. இந்தியாவில் 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டுக்குக் கண்புரை காரணம் என்று 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. கண் அழுத்த நோயில் நரம்பு போனவர், சர்க்கரையில் விழித்திரை போனவர். முகாமுக்குப் பிறவியிலேயே பார்வையற்ற குழந்தையும் வரும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மருத்துவர் மெதுவாகத் தலையாட்டும்போது, அந்தக் குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி, பூந்தமல்லி அரசுப் பள்ளி, தம் பார்வையை இழந்த எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் மதுரையில் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் என்று போகிற இடங்கள் இருக்கின்றன. வெண்கோல் பிடித்து நடக்கப் பயிற்சி, பிரெயில், திரை வாசிக்கும் மென்பொருள், அடையாள அட்டை, உதவித்தொகை எல்லாம் இருக்கின்றன. முகாம் மேசையில் அந்த முகவரிகளை எழுதிய ஒரு தாளும், அதைப் பொறுமையாகச் சொல்ல ஓர் ஆளும் இருந்தால் போதும். புரையில்லாதவர் வந்த பயணமும் வீணாகாது.

ஆயாவின் கண்ணில் வைத்த லென்ஸுக்கு முதுமை கிடையாது. காலாவதித் தேதி என்று அட்டையில் இருப்பது உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் காலத்துக்குத்தான். உள்ளே போனபின் அது ஆயாவின் ஆயுளையும் தாண்டி இருக்கும். லென்ஸ் வைத்தவர் கண்தானம் செய்யமுடியாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செய்யலாம். கண்ணில் முன்னால் இருக்கும் கருவிழிதான் வேறொருவருக்குப் போகிறது. லென்ஸ் அதற்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடி போட்டவரும், சர்க்கரை உள்ளவரும்கூடக் கொடுக்கலாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். கண் வங்கிக்குத் தகவல் சொல்லிவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலைக்குக் கீழே ஒரு தலையணையை வைத்து உயர்த்தினால் போதும். குழு வீட்டுக்கே வரும், பதினைந்து, இருபது நிமிட வேலை, முகம் மாறாது. துக்க வீட்டில் அந்தப் போனைச் செய்ய ஒருவர் முந்த வேண்டும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அந்த ஆள் பெரும்பாலும், ஞாயிற்றுக்கிழமை ஆயாவைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவைத்த அதே சங்கத்தைச் சேர்ந்தவராக இருப்பார்.